எஸ்தாக்கியின் நகரத்தைத் தட்டச்சு செய்தவள்

பதினோரு நாவல்.
பதினொன்றையும் அடித்தவள் நான்,
கேணிக்கரையில், ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்.
பக்கத்துக்கு இருபத்திரண்டு ரூபாய்,
தொடக்கத்தில் ஏழு.

மண்டபம் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர் எஸ்தாக்கி.
கையெழுத்து தேவதூதனுடையது.
எழுதியதெல்லாம் மற்றவன்.

முதல் நாவலில் ஒரு மீட்டர்.
வீட்டில் யார் பொய் சொன்னாலும் சுற்றும்.
மாதக் கடைசியில் காக்கிச் சட்டைக்காரன் வருவான்,
முகம் இருக்கவேண்டிய இடத்தில் பூட்டு.
பாக்கியை நாக்கிலிருந்து வெட்டிக்கொண்டு போவான்.
பஸ் நிலையத்தில்
கடலைமிட்டாய்க்கும் குறுக்கெழுத்துப் புத்தகத்துக்கும் நடுவே
கிளிப்பில் தொங்கியது, விலை இருபது.
பரமக்குடி வருவதற்குள் முடித்துவிடலாம்.
முடித்தவர்கள் சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்குகிறார்கள்
என்றார் ஒரு கண்டக்டர்.
"நல்லதுதான. அடுத்த ஆளு எடுப்பான்ல."
தனக்கு வந்த முதல் விமர்சனம் அது என்று
ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் நகரத்துக்குப் பெயர் கிடையாது.
கடிதம் போட்டவர்கள் சென்னை என்றார்கள், மதுரை என்றார்கள்,
ஒருவர் பம்பாய் என்றே அடித்துச் சொன்னார்.
அடித்தவளுக்குத் தெரியாதா?
இறந்தவர்கள் டோக்கன் வாங்கி
மூன்று தலைமுறையாய் வரிசையில் நிற்கும் கட்டடம்
எங்கள் தாலுகா ஆபீஸ்.
'வாய்' என்று அவர் எழுதும் அந்த இருட்டு
கச்சான் காற்றில் உப்பேறிய பீங்கான்
நள்ளிரவில் ஒருமுறை சிதறி
பாம்பன் வரைக்கும் அணைவதுதான்.

'உப்புத் தின்னும் விளக்குகள்' நாலாயிரம் பிரதி போனது.
அப்புறம் கெட்டி அட்டை, முந்நூற்றைம்பது ரூபாய்,
சென்னையில் மேடை, கழுத்தில் துண்டு.
கடலோரத்தில் இருந்துகொண்டு நகரத்தை எப்படி
என்று ஒரு பெண் கேட்டாள்.
எஸ்தாக்கி மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:
"பக்கத்து வீட்டுக்காரன் செத்தது
நாலாம் நாள் தெரிஞ்சா அது நகரம்.
எங்க தெருவுக்கு அது எப்பவோ வந்துருச்சும்மா."
கைதட்டினார்கள்.
அவர் தட்டியவர்களைப் பார்க்கவில்லையாம்,
மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாராம்.

மின்விசிறி.
ஒன்பதாவது நாவல் அடிக்கும்போதுதான் உறைத்தது.
எல்லா நாவலிலும் எங்காவது ஒரு பக்கத்தில்
பூட்டிய வீட்டுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.
காக்கிச் சட்டைக்காரன் வாசலில் நிற்பான்,
எண்ணைக் குறிப்பான்.
'கதவைத் தட்டவில்லை.'
ஒன்பதிலும் அதே வாக்கியம்.

கேட்டேன்.
டீ ஆறி ஏடு படிந்தபிறகு சொன்னார்.
வேதாளை பக்கம் ஒரு வீடு. தனி ஆள்.
மீட்டர் வெளிச்சுவரில்.
உள்ளே மின்விசிறிச் சத்தம்,
யூனிட்டும் ஒழுங்காக ஏறியிருந்தது.
அட்டையில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.
அன்றைக்கு அந்த ஆள் செத்து மூன்றாம் நாள்.
தட்டியிருந்தாலும் செத்தவன் எழுந்திருக்கப் போவதில்லை,
அது அவருக்கும் தெரியும்.
"ஆனா அவன் கணக்கை எழுதிட்டேன் பாரு,
இருக்கிறவன் கணக்கா."

பத்தாவது சுமார். திரும்பிவந்த கட்டுகள்
அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.
பதினொன்றாவது போன ஆடியில் வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அதே வாசல், அதே பூட்டு முகம், அதே சத்தம்.
அன்று மின்சாரம் ரெண்டு தடவை போய் வந்தது.
விரல் எப்படிப் போனதோ தெரியாது,
தெரியாது என்று சொல்வதும் மீட்டரில் ஏறும்,
நான் இப்படி அடித்தேன்:
'கதவை தட்டினான்.'

மெய்ப்பு ஐந்தாம் நாள் திரும்பியது.
அந்த வரியில் சிவப்பு மையில்
ஒரு 'த்' மட்டும் போட்டிருந்தார்.